விமான மைல்களின் மெய்ம்மதிப்பு

பொருளை ஈட்டுதல் ஒரு கலை. ஈட்டிய பொருளை உரிய காலத்தில் உரிய வழியிற் செலவிடுதல் அதனினும் அரியதொரு கலை. பொன், நெல், நிலம், கால்நடை என்னும் செல்வங்களைப்பற்றி நம் முன்னோர் வேண்டுமளவு சிந்தித்துச் சென்றனர். ஆயின், அவர் கனவிலும் கருதியிராத செல்வமொன்று இற்றைநாளிற் பலர் கையில் உளது. அது கையால் தொடுதற்கு அரியது; பெட்டியிற் பூட்டுதற்கு இயலாதது; செலவிடாது வைத்திருப்பினும் தானே தேய்வது. விமானக் கம்பெனியார் தம் விமானங்களில் அடிக்கடி செல்வார்க்குக் கணக்கில் வரவு வைத்துக் கொடுக்கும் 'மைல்' என்பதே அச் செல்வமாம்.

கல்லூரி மலரில் இப் பொருள் எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். நம் கல்லூரியிற் பயின்று வெளிப்போந்தோருள் பலர் இன்று கடல்கடந்த நாடுகளிற் பணிபுரிகின்றனர். இப்பொழுது பயில்வாருள்ளும் சிலர் மேற்கல்வியின்பொருட்டு நாளை அங்ஙனம் செல்வர். அவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைக்கும் கருவிகளுள் இஃதும் ஒன்று. ஆதலின் இதனை ஆராய்தல் வீண்செயல் ஆகாது. இவ் வேற்பாடு பெருவளர்ச்சி எய்தியது அமெரிக்க நாட்டிலாதலின், அந்நாட்டு வரலாற்றையே சான்றாகக் கொள்வோம். யாம் கூறக் கருதுவது ஒன்றே: மைல் என்பது சேமித்து வைத்தற்குரிய பொருளன்று, நாம் எவ்வாற்றானும் செய்தற்குரிய பயணத்திற்குக் காலந்தாழ்த்தாது செலவிடுதற்குரிய பொருள்.

வாடிக்கைக்காரரைத் தம்பாற் கட்டி வைத்தற்பொருட்டுப் பரிசளிக்கும் வழக்கம் புதியதன்று. 1896-இல் தோன்றிய ஸ்பெர்ரி–ஹட்சின்சன் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் பச்சை வில்லைகளை அச்சிட்டுக் கடைக்காரர்க்கு விற்றனர். கடைக்காரர் அவற்றைப் பொருள் வாங்குவோர்க்குக் கொடுத்தனர். வாங்கினோர் வில்லைகளைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொண்டனர். விமான மைலும் இவ் வில்லையின் பேரப்பிள்ளையே எனலாம். 1978-ஆம் ஆண்டுவரை அந்நாட்டில் மாநிலங்களுக்கிடையே செல்லும் விமானங்களின் கட்டணத்தை அரசாங்கக் குழுவொன்றே வரையறுத்து வந்தது. அவ்வாண்டிற் பிறந்த சட்டம் அத் தளையை நீக்கவே, கம்பெனியார் தம்முட் கடும்போட்டியிட நேர்ந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார் 1981-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் தம் மைல் திட்டத்தைத் தொடங்கினர். யுனைட்டெட் கம்பெனியார் சில நாட்களுள் அவரைப் பின்பற்றினர். பறந்த தொலைவு எத்துணையோ அத்துணை மைல். போதிய மைல் சேர்ந்தால் இலவசச் சீட்டு. தொடக்கத்திற் கணக்கு இத்துணை எளிதாகவே இருந்தது.

அவ் வெளிமை நீடித்ததன்று. 1987-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சிட்டிபாங்கும் கூடிக் கடன் அட்டையொன்றை வெளியிட்டன. அவ்வட்டையால் அரிசி வாங்கினும் மருந்து வாங்கினும் மைல் சேரும். அதுமுதல், விமானத்திற் காலடி வையாதாரும் மைல் சேர்ப்பாராயினர். வங்கியார் கம்பெனியாரிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தம் வாடிக்கைக்காரர்க்கு வழங்குகின்றனர். இவ் வணிகம் எத்துணைப் பெரியதென்பது 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் விளங்கிற்று. விமானங்கள் தரையில் நின்றன, ஆட்கள் பறந்திலர், ஆயினும் யுனைட்டெட் கம்பெனியார் தம் மைல் திட்டத்தையே ஈடுகாட்டி 680 கோடி டாலர் கடன் பெற்றனர். டெல்ட்டா கம்பெனியார் அவ்வாறே 900 கோடி பெற்றனர். 2021-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார் 1,000 கோடி பெற்றனர். உலோகத்தாலாய விமானத்தினும் ஏட்டிலுள்ள மைல் கடன்கொடுப்போர்க்கு நம்பிக்கைக்குரியதாயிற்று என்னின், அதனால் ஊதியம் பெறுவார் யார் என்பதை நாம் உய்த்துணரலாம். மைல் நமக்கு அளிக்கப்படும் பரிசு என்று கருதுதல் பாதி உண்மையே. அது கம்பெனியார் அச்சடித்து விற்கும் நாணயம் என்பதே முழு உண்மை.

இந் நாணயத்திற்கும் அரசாங்க நாணயத்திற்கும் உள்ள வேற்றுமையை ஈண்டு நோக்குதல் வேண்டும். அரசாங்க நாணயத்தை எக்கடையிலும் கொடுக்கலாம். மைலையோ அதனை அச்சிட்டவர் கடையிலும் அவர்தம் கூட்டாளிகள் கடையிலுமே பெரும்பாலும் கொடுக்க இயலும். அக்கடையிற் பொருளுக்கு விலை குறிப்பவரும் அவரே. இன்று 20,000 மைலுக்குக் கிடைக்கும் இருக்கைக்கு நாளை 35,000 மைல் கேட்பினும் கேட்பவரை வினவுவார் இலர். நீதிமன்றம் உளதன்றோ எனின், அதனையும் பார்ப்போம். 1988-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார் தம் விதிகளை மாற்றி, முன்னரே சேர்ந்த மைல்களுக்கும் அம்மாற்றம் பொருந்துமாறு செய்தனர். உறுப்பினர் சிலர் வழக்கிட்டனர். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995-இல் வந்த தீர்ப்பு, கம்பெனியார் தாமே எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை மீறினால் வழக்கிடலாம் என்றும், மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக்கொண்டு வழக்கிடல் கூடாது என்றும் வரையறுத்தது. மிகுதியாக முறையிட்டார் என்று கூறி, நார்த்வெஸ்ட் கம்பெனியார் உறுப்பினர் ஒருவரை 2008-இல் திட்டத்தினின்றும் நீக்கினர். நன்னம்பிக்கையொடு நடத்தல் வேண்டும் என்னும் பொதுக்கடப்பாட்டை எடுத்துக்காட்டி அவர் தொடுத்த வழக்கும் 2014-இல் அதே நீதிமன்றத்தில் தோற்றது. இனி, விதிகளை வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் உரிமை எமக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே கம்பெனியார் எழுதி வைக்கின்றனர். எனவே எழுத்து அவர் பக்கம். பொறுமை ஒன்றே நம் பக்கம்.

மாற்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவண்ணமே உள்ளன. 2015-இல் டெல்ட்டா, யுனைட்டெட் என்னும் இரண்டும், 2016-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும், பறந்த தொலைவிற்கு மைல் அளிக்கும் பழைய முறையைக் கைவிட்டுச் சீட்டிற்குக் கொடுத்த பணத்திற்கேற்ப அளிக்கத் தொடங்கின. முன்னிரண்டும் அன்று வகுத்த அளவுப்படி, சாதாரண உறுப்பினர்க்கு டாலர் ஒன்றுக்கு 5 மைலும், மிக உயர்ந்த நிலையினர்க்கு 11 மைலும் கிடைத்தன. மலிவான சீட்டில் நெடுந்தொலைவு செல்லும் மாணவர் இழந்தார். விலைமிக்க சீட்டில் அண்மையூர் செல்லும் வணிகர் பெற்றார். எவ்வூர்க்கு எத்துணை மைல் என்று காட்டும் விலைப்பட்டியலையும் டெல்ட்டா 2015-இல் எடுத்துவிட்டது. யுனைட்டெட் 2019-இல் தன் விமானங்களைப் பொறுத்தவரை எடுத்துவிட்டது. பட்டியல் இல்லாத கடையில் விலை ஏறியது என்று மெய்ப்பித்தல் யாங்ஙனம்? அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையே 2024 செப்டம்பரில் நான்கு பெரிய கம்பெனிகளின் மைல் திட்டங்களைப்பற்றி விசாரணை தொடங்கிற்று என்னின், ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவு.

இது நிற்க. கையிலுள்ள மைலின் மதிப்பை அறியும் வழி யாது? கணக்கு எளிதே. சீட்டின் பணவிலையிலிருந்து, மைல் கொடுத்து வாங்கினும் நாம் கட்டவேண்டிய வரியைக் கழித்து, எஞ்சியதை வேண்டப்படும் மைல்களால் வகுத்தல் வேண்டும். அமெரிக்காவினுள்ளே ஒருவழிச் சீட்டு ஒன்றின் விலை 300 டாலர் எனக் கொள்வோம். அதற்கு 20,000 மைலும், காவல் வரியாக 5 டாலர் 60 சென்ட்டும் கேட்கின்றனர். 294 டாலர் 40 சென்ட்டை 20,000-ஆல் வகுப்பின், மைல் ஒன்றுக்கு 1.47 சென்ட் கிடைக்கின்றது. பணங்கொடுத்து வாங்கியிருந்தால் ஏறக்குறைய 1,300 மைல் வரவாகியிருக்கும் என்பதையும் சேர்த்து நோக்கின் மதிப்பு 1.38 சென்ட்டாகக் குறையும். மற்றொரு நாளில் அவ்விருக்கைக்கே 40,000 மைல் கேட்பரேல், மதிப்பு முக்கால் சென்ட்டிற்கும் கீழாம். ஆகவே, மைல் ஒன்றின் விலை இத்துணை என்று நிலையாகக் கூறுதற்கில்லை. ஒவ்வொரு பயணத்திற்கும் காகிதமும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிடுதலே முறை.

கணக்கு அறிந்தாரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. கடல்கடந்த பயணத்திற்குப் பிசினஸ் வகுப்புச் சீட்டின் விலை 6,000 டாலர். மைலாயின் 80,000, வரி 200 டாலர் எனக் கொள்வோம். மேற்கூறிய வாய்பாட்டின்படி மைல் ஒன்றுக்கு 7.25 சென்ட் வருகின்றது. 'ஆகா, என்னே ஊதியம்!' என்று நண்பர் குதூகலிக்கின்றார். யாம் அவரை ஒன்று வினவுகின்றோம்: மைல் இல்லையாயின் நீர் அவ் 6,000 டாலரைக் கையிலிருந்து கொடுத்திருப்பீரா? அவர் 1,200 டாலருக்குச் சாதாரண வகுப்பிலேயே சென்றிருப்பாரெனின், அவர் மெய்யாக மிச்சப்படுத்தியது 1,000 டாலரே. மைல் ஒன்றுக்கு 1.25 சென்ட்டே. எஞ்சியது காகிதத்தில் எழுதிய ஊதியம். முதுமையடைந்த தாய்தந்தையர் கால்நீட்டிப் படுத்து வருதற்கு அவ்விருக்கையைப் பெறுதல் நன்று; அவ்வசதிக்கு நாம் மனமார என்ன கொடுப்போமோ அதனையும் கணக்கிற் கூட்டிக்கொள்க. கம்பெனியார் எழுதிவைத்த விலையை மட்டும் கூட்டற்க. நாம் கொடுத்திருக்கும் விலையே பொருளின் விலை. அவர் கேட்கும் விலை அன்று.

இனி, நற்பயன் தரும் வழிகளைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, பணவிலை ஏறி, மைல்விலை ஏறாதிருக்கும் வேளையைப் பற்றிக்கொள்ளல். திடீரென்று புறப்படவேண்டிய பயணங்களில் இவ்வாய்ப்பு நேர்வதுண்டு. இரண்டாவது, கூட்டாளிக் கம்பெனிகளை மறவாதிருத்தல். 1997-இல் 'ஸ்டார் அலையன்ஸ்', 1999-இல் 'ஒன்வேர்ல்டு', 2000-இல் 'ஸ்கைடீம்' என மூன்று கூட்டணிகள் அமைந்தன. ஏர் இந்தியா 2014 சூலையில் முதற் கூட்டணியிலும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அவ்வாண்டு மே மாதத்தில் இரண்டாவதிலும் சேர்ந்தன. ஆகவே அமெரிக்கக் கம்பெனியிற் சேர்த்த மைலைக்கொண்டு நம் நாட்டு விமானத்தில் ஊர்வந்து சேர்தல் கூடும். ஒரே இருக்கைக்கு ஒரு கூட்டாளி ஒரு விலையும் மற்றொருவர் வேறு விலையும் கூறுவர். சிலர் இலவசச் சீட்டின்மீதும் பெருந்தொகையை மேற்கட்டணமாகச் சுமத்துவர். ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, காலத்தே பதிவுசெய்தல். 2020-க்குப் பின்னர் அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் மைற்சீட்டைத் திருப்பிக் கொடுப்பார்க்கு விதித்த தண்டத்தை நீக்கின. ஆதலின் முன்னரே பதிந்து, விலை இறங்கின் மாற்றிக்கொள்ளலாம்.

விலக்கத்தக்கனவும் உள. மைலைக் கொடுத்துக் கைக்கடிகாரமும் சமையற் பாத்திரமும் வாங்குதல் பெரும்பாலும் நட்டமே. குறிப்பிட்ட பயணம் முன்னில்லாமல் மைலை விலைக்கு வாங்குதல் சூதாட்டத்தோடு ஒக்கும். எல்லாவற்றினும் கொடியது, மைலுக்காகக் கடன் அட்டையிற் பொருள் வாங்கி, மாதமுடிவிற் கடனை முழுதும் தீர்க்காதொழிதல். 2024-இல் அமெரிக்கக் கடன் அட்டைகளின் சராசரி வட்டி ஆண்டிற்கு நூற்றுக்கு இருபதைக் கடந்து நின்றது. நூறு டாலருக்கு ஒன்றிரண்டு டாலர் பெறும் மைலைப் பெற்று, இருபது டாலர் வட்டி கட்டுவாரை என்னென்பது!

சிலர் வியத்தகு திறத்தால் மைல் குவித்ததும் உண்டு. 1999-இல் கலிபோர்னியாவிலுள்ள பொறியாளர் ஒருவர், உணவுக் கம்பெனியொன்று தன் பண்டங்களின் உறைச்சீட்டிற்கு மைல் அளிப்பதாக விளம்பரம் செய்ததைக் கண்டார். மிக மலிவான பண்டம் யாதெனத் தேடி, புட்டிங் என்னும் இனிப்புக் கிண்ணங்கள் 12,150-ஐ மூவாயிரம் டாலருக்குச் சற்று மிகுதியாகக் கொடுத்து வாங்கினார். அத்துணைக் கிண்ணங்களை உண்பார் யார்? இரட்சணிய சேனையாருக்கு அவற்றை நன்கொடையாக அளிக்க, அவர்கள் உறைச்சீட்டைப் பிரித்துக் கொடுத்துதவினர். பன்னிரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மைல்கள் அவர் கணக்கிற் சேர்ந்தன. ஏழைகளும் உண்டனர். பின்னொருகால், அரசாங்க நாணயசாலையார் ஒரு டாலர் நாணயங்களை அஞ்சற்செலவின்றி அனுப்பியபோது, சிலர் அவற்றைக் கடன் அட்டையால் வாங்கி, பெட்டியோடே வங்கியிற் செலுத்தி மைல் ஈட்டினர். 2011-இல் நாணயசாலையார் அவ்வழியை அடைத்துவிட்டனர். இவை கேட்டு மகிழ்தற்குரியன, பின்பற்றுதற்கு உரியனவல்ல. ஒருவன் கண்ட புதையலைத் தேடி ஊரார் அனைவரும் நிலத்தைத் தோண்டின் எஞ்சுவது பள்ளமே.

மைலைப்பற்றிப் பேசுங்கால் அறத்தைப்பற்றியும் பேசுதல் நம் கடன். பிறர் பணத்திற் பறந்து சேர்த்த மைல் யாருடையது? 2002-இல் செருமானிய நாட்டில் அரசியலார் சிலர், அலுவற் பயணத்தில் ஈட்டிய மைலைச் சொந்தப் பயணத்திற்குச் செலவிட்டனர் என்று பெருங்குழப்பம் நேர்ந்தது. பெர்லின் நகர ஆட்சியில் பொருளாதாரப் பொறுப்பிலிருந்த கிரேகோர் கீசி அதன்பொருட்டுப் பதவி துறந்தார். அமெரிக்க அரசாங்கமோ 2001 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால் அவ்வுரிமையைத் தன் ஊழியர்க்கே கொடுத்துவிட்டது. எந்நிறுவனத்தில் எவ்விதி என்பதை முன்னரே கேட்டறிந்து ஒழுகுதலே மானமுடையார்க்கு அழகு.

மற்றொன்றும் உண்டு. அட்டைக்காக வங்கியார் கடைக்காரரிடம் வாங்கும் கட்டணத்தைக் கடைக்காரர் பொருளின் விலையில் ஏற்றுகின்றார். ஏறிய அவ்விலையை அட்டையுடையாரும் கொடுக்கின்றனர். கையிற் காசு கொண்டு வாங்கும் ஏழையும் கொடுக்கின்றான். மைல் பெறுபவரோ அட்டையுடையார் மட்டுமே. பாஸ்டன் நகரத்து மத்திய வங்கியின் ஆராய்ச்சியாளர் 2010-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டிற் காசு கொடுத்து வாங்கும் குடும்பம் சராசரியாக ஆண்டிற்கு 149 டாலரை இவ்வாறு இழக்கின்றது. அட்டையாற் கொடுக்கும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகின்றது. இலவசம் என்று நாம் மகிழும் இருக்கைக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துள்ளார். இதனால் அட்டையை எறிந்துவிடல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. இலவசம் என்னும் சொல்லைச் சற்று நாணத்தோடு வழங்குதல் வேண்டும் என்பதே. தமக்குத் தேவையில்லாத மைலைப் பிறர்க்கு ஈதலும் கூடும். நோயுற்ற சிறுவரின் ஆசையை நிறைவேற்றும் 'மேக்-எ-விஷ்' என்னும் நிறுவனத்திற்கு அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றின் வாயிலாக மைல் வழங்கலாம். தேய்ந்தொழியும் செல்வத்திற்கு இதனினும் நல்ல போக்கு யாது?

எம் நெடுநாளைய நண்பரும் இக்கல்லூரியின் பழைய மாணவருமாகிய ஒருவரின் செய்தியைக் கூறி முடிப்போம். அவர் அமெரிக்காவிற் பணிபுரிபவர். தம் அன்னையாரை உயர்ந்த வகுப்பில் அழைத்துச் சென்று நயாகரா அருவியைக் காட்டல் வேண்டும் என்று விரும்பிப் பல ஆண்டுகள் மைல் சேர்த்தார். இலக்கை எட்டுந்தோறும் கம்பெனியார் விலையை உயர்த்தினர். நண்பரும் சளையாது மேலும் சேர்த்தார். இறுதியிற் போதிய மைல் சேர்ந்தபொழுது அன்னையாருக்கு மூப்பு மிகுந்துவிட்டது. தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூரில் வாசற்படி இறங்குதற்கும் துணை வேண்டிய நிலை. மைல் இருந்தது, முழங்காலில் வலுவில்லை. சிலநாள் மனம் நொந்திருந்த நண்பர் பின்னர்த் தெளிந்து, அம் மைல்களைச் சாதாரண வகுப்புச் சீட்டுகளாக மாற்றினார். ஓராண்டில் நான்குமுறை ஊர் வந்தார். திண்ணையில் அன்னையார் பக்கத்தே அமர்ந்து பேசியிருந்தார். நான்காம் முறை அவர் வந்தது இறுதிச் சடங்கிற்கு. 'மூன்று முறையாவது இருந்து பேசினேன். முன்னமே இதனை உணர்ந்திருந்தால் முப்பது முறை இருந்திருப்பேன்' என்று அவர் எம்மிடம் கூறியபொழுது, மைலின் மெய்ம்மதிப்பைச் சென்ட்டிற் கணக்கிட்ட எம் எழுதுகோல் நாணிற்று.

மாணவ அன்பர்காள்! தலைவன் கொடுத்த தாலந்தை மண்ணிற் புதைத்துவைத்த ஊழியனை நம் ஆலய வேளைகளிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவனுக்காவது புதைத்தது குறையாமற் கிடைத்தது. மைலைப் புதைப்பார்க்கு அதுவும் இல்லை. நாளை நீவிர் கடல்கடந்து செல்லுங்கால் உம் கணக்கிலும் மைல்கள் சேரும். அவற்றைப் பெருமைக்காக எண்ணி மகிழாதீர். மைலுக்காகப் பயணம் செய்யாதீர். பயணத்திற்காக மைலைச் செலவிடுக. எப்பயணத்தை முதலிற் செய்வது என்னும் ஐயம் எழுமாயின், வாசலை நோக்கியிருக்கும் முதியோர் இருவரின் முகத்தை நினைந்துகொள்க; ஐயம் தீரும்.